போர் நிலத்துத் தலங்களும் யாத்திரையின் அறமும்

போர் நடக்கும் நாட்டிலோ, போர் ஓய்ந்தும் அதன் ஆபத்து விலகாத நாட்டிலோ இருக்கும் ஒரு புனிதத் தலத்திற்கு வெளியூரார் ஒருவர் செல்லலாமா என்ற வினாவுக்குள் மூன்று வினாக்கள் அடங்கியுள்ளன. செல்வது சமயம் விதித்த கடமையா என்பது ஒன்று. ஆபத்தை மீறிச் சென்றால் புண்ணியம் மிகுமா என்பது மற்றொன்று. அப்படிச் செல்வது பிறர் தலையில் எதை ஏற்றுகிறது என்பது மூன்றாவது. முதல் இரண்டுக்கும் தமிழ்ச் சமய மரபு விரிவாகவே விடை தேடியிருக்கிறது. மூன்றாவதை அது நேராகக் கேட்டதாகத் தெரியவில்லை என்றாலும், அதற்கான விடைக்கூறுகள் அதே மரபின் கதைகளுக்குள்ளும் அதற்கு வெளியே சில சான்றுகளிலும் சிதறிக் கிடக்கின்றன. 1983 முதல் 2009 வரை போரில் சிக்கிய ஈழத்தின் தலங்களையும், அவற்றிலிருந்து ஒரு கடல் அளவே தள்ளியிருக்கும் தென்பாண்டி நாட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது இம்மூன்றாம் வினா தெளிவாக எழுகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரின் சமயப் பெருமையே தொலைவைப் பற்றிய ஒரு கோட்பாட்டின்மேல் நிற்கிறது. வைணவ உரை மரபின்படி ஆண்டாள் தன் ஊரையே ஆயர்பாடியாகவும், வடபெருங்கோயிலை நந்தகோபனின் மாளிகையாகவும், அங்கே பள்ளிகொண்ட வடபத்ரசாயியைக் கண்ணனாகவும், தன்னையும் தோழியரையும் இடைச்சியராகவும் கொண்டு மார்கழி நோன்பு நோற்றாள். இதை உரையாசிரியர்கள் பாவனை என்பர். ஒன்றை விடாது நினைக்கும் உள்ளம், நினைக்கப்படும் பொருளின் தன்மையையே தனதாக்கிக்கொள்ளும் நிலையை அச்சொல் குறிக்கிறது. அந்த நினைவின் ஆழத்தில் இடைச்சியரின் பேச்சும் நடையும்கூட ஆண்டாளுக்கு வந்துவிட்டதாக அவர்கள் நயம்படக் கூறுவர். வடமதுரைக்கு ஓர் அடிகூட எடுத்து வைக்காமல் அதை அடைந்துவிடலாம் என்பதே இக்கோட்பாட்டின் முடிவு. இன்றும் திருப்பதி பிரம்மோற்சவத்தின் கருட சேவைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆண்டாள் சூடிய மாலைதான் செல்கிறது, ஆண்டாள் செல்வதில்லை.

ஆனால் இதே ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் வேறு குரலில் பேசுகிறாள் என்பதை மறந்துவிடலாகாது. அங்கே பாவனை போதவில்லை. வடமதுரையிலும் ஆயர்பாடியிலும் கோவர்த்தனத்திலும் துவாரகையிலும் தன்னைக் கொண்டுபோய்ச் சேர்க்குமாறு சுற்றியிருப்போரிடம் அவள் மன்றாடும் ஒரு பதிகமே இருக்கிறது. அவள் கேட்பது வழியன்று, தன்னைச் சுமந்து செல்லும் மனிதர்களை. நடக்கும் நிலையில் இல்லாத ஒரு பெண்ணின் யாத்திரை முழுவதும் பிறர் தோளில்தான் நடந்தாக வேண்டும் என்ற உண்மை அப்பதிகத்தில் மறைவின்றி நிற்கிறது. தனியே செல்வதாக நினைத்துக்கொள்ளும் எந்த யாத்திரிகருக்கும் இது பொருந்தும் என்பது பின்னர் விளங்கும்.

சைவ மரபு தொலைவுக்குச் சொல்லும் விடை இன்னும் நேரடியானது. ஈழ நாட்டில் தேவாரப் பாடல் பெற்ற தலங்கள் இரண்டு: கீழைக் கடற்கரையில் உள்ள திருக்கோணமலையும், மேற்குக் கரையில் மன்னாருக்கு அருகே மாந்தையில் உள்ள திருக்கேதீச்சரமும். இரண்டையும் ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடினார். திருக்கேதீச்சரத்தைச் சுந்தரரும் பாடினார். ஆனால் சேக்கிழாரின் பெரியபுராணப்படி இவர்கள் இருவருமே கடல் கடக்கவில்லை; இராமேஸ்வரத்தில் இருந்தபடியே அக்கரைத் தலங்களை நினைந்து பாடினர். கடவுளைக் காணாமல் பாடிய அப்பதிகங்களுக்கு, நேரில் கண்டு பாடிய பதிகங்களைவிடக் குறைவான தகுதி எவராலும் கற்பிக்கப்படவில்லை. பாடல் பெற்ற தலம் என்ற பெயர் அவ்விரண்டுக்கும் ஒருபோதும் மறுக்கப்படவுமில்லை. திருநாவுக்கரசரின் கயிலை யாத்திரை இக்கருத்தை ஓர் எல்லைவரை கொண்டுசெல்கிறது. கால் தேய்ந்து, கையால் தவழ்ந்து, பின் மார்பால் ஊர்ந்து, இறுதியில் உருண்டும் சென்ற அவரைச் சிவபெருமான் முனிவர் வடிவில் வந்து தடுத்து, மனித உடலோடு கயிலை அடைதல் அரிது என்று கூறி, அங்கிருந்த பொய்கையில் மூழ்கச் செய்ய, அவர் திருவையாற்றுக் குளத்தில் எழுந்து அவ்வூரிலேயே கயிலைக் காட்சியைக் கண்டார் என்பது வரலாறு. உயிரைப் பணயம் வைத்த உறுதியைப் போற்றிய அதே கதை, அந்த உறுதியின் பயனை வீட்டருகே கொண்டுவந்து கொடுத்துவிடுகிறது.

சம்பந்தர் வாழ்ந்த அதே நூற்றாண்டில், இதே தமிழ் மண்ணில், இதே தீவை நோக்கி நின்ற மற்றொருவரும் கடல் கடக்காமல் திரும்பினார். அவர் திரும்பியதற்கு உள்நாட்டுக் குழப்பமே காரணம். சீனத்திலிருந்து பௌத்த நூல்களையும் அவற்றைப் பொருள் விளக்க வல்ல ஆசிரியர்களையும் தேடி வந்த யுவான் சுவாங், 640ஆம் ஆண்டை ஒட்டிக் காஞ்சிபுரத்தை அடைந்தபோது இலங்கைக்குச் செல்லும் எண்ணத்தோடுதான் வந்திருந்தார். புத்தரின் பல் வைக்கப்பட்ட கோயிலைக் காண்பதோடு, தேரவாத மூன்று பிடகங்களையும் யோகாசார நூல்களையும் (அதாவது, அறிவுக்கு வெளியே பொருளுக்குத் தனி இருப்பு உண்டா என்று ஆராயும் மகாயானப் பிரிவின் நூல்களை) அங்கே கற்க வேண்டும் என்பதும் அவருடைய நோக்கமாக இருந்தது. அப்பொழுது இலங்கையிலிருந்து கடல் கடந்து வந்திருந்த துறவியர் கூட்டம் ஒன்றை அவர் சந்தித்தார். அரசன் இறந்துவிட்டான், நாட்டில் பஞ்சம், ஒழுங்கு குலைந்துவிட்டது, ஆகவே புகலிடம் தேடி வந்தோம் என்று அவர்கள் கூறியதாக யுவான் சுவாங்கின் வாழ்க்கையை எழுதிய அவருடைய மாணவர் ஹுயிலி பதிவு செய்கிறார். யுவான் சுவாங் அத்துறவியரிடம் தம் ஐயங்களைக் கேட்டார். அவர்கள் தந்த விளக்கம் நாளந்தாவில் தம் ஆசிரியர் சீலபத்திரர் கற்பித்ததைத் தாண்டவில்லை என்று கண்டார். பின்னர் வடமேற்கு நோக்கித் திரும்பினார். கோபி பாலைநிலத்தைத் தனியே கடந்தவரும் தியான் ஷான் மலைப் பனியில் துணைவரை இழந்தவருமான அவரை அச்சம் தடுத்தது என்று எவரும் சொல்ல இயலாது. அகதியின் வாக்கை அவர் சான்றாக ஏற்றார்; அந்நாட்டிலிருந்து தப்பி வந்தவரைச் சந்தித்தபின் அந்நாட்டுக்குள் நுழைவதன் நோக்கம் என்ன என்று தம்மையே கேட்டுக்கொண்டார் என்று கொள்வதே பொருத்தம். யாத்திரையின் நோக்கம் கல்வியாயின், அக்கல்வி கரையேறி வந்து எதிரே நிற்கும்போது அதைக் கடந்து செல்வது பார்வையாளரின் ஆவல் மட்டுமே.

கடமை பற்றிய வினாவுக்கு மிகத் துல்லியமான விதியை வகுத்தது இஸ்லாம். ஐந்து கடமைகளுள் ஒன்றான ஹஜ், அதற்குச் சக்தி பெற்றவருக்கே கடமையாகும் என்று குர்ஆன் வரையறுக்க, அச்சக்தியில் உடல் நலமும் பொருள் வசதியும் மட்டுமல்லாமல் வழியின் பாதுகாப்பும் அடங்கும் என்று சட்ட அறிஞர்கள் விளக்கினர். வழியில் உயிருக்கு ஆபத்து மிகுந்திருந்தால் கடமை நிற்கிறது. அது விலகினால் மீண்டும் தொடங்குகிறது. இந்து மரபில் இத்தகைய விதி எழுதப்படவில்லை என்றாலும், காசிக்குப் புறப்படுவோர் சொத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, திரும்புவோம் என்ற எதிர்பார்ப்பின்றிச் சென்ற பழைய வழக்கம் அதற்கு நேர்மாறான ஓர் உணர்வைக் காட்டுகிறது. வழியில் சாவது அங்கே இழப்பாகக் கருதப்படவில்லை. ஆபத்து புண்ணியத்தைப் பெருக்கும் என்ற நம்பிக்கையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

அந்த நம்பிக்கை இன்றும் உயிரோடிருப்பதை ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துக் கூமாப்பட்டியிலிருந்து மேற்கே நோக்கினாலே காணலாம். பிளவக்கல் அணைகளுக்குப் பின்னால் எழும் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான சதுரகிரிக்கு, வத்திராயிருப்பை அடுத்த தாணிப்பாறை வழியாக, சுந்தர மகாலிங்கத்தையும் சந்தன மகாலிங்கத்தையும் காண ஆடி அமாவாசையில் பெருங்கூட்டம் ஏறுகிறது. 2015 மே மாதத்தில் ஓடைகளில் திடீரென்று இறங்கிய காட்டாற்று வெள்ளம் பக்தர்கள் பலரின் உயிரைக் கொண்டுபோயிற்று. அதன் பிறகு பல ஆண்டுகள், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாள்களில் மட்டுமே வனத்துறை அனுமதி வழங்கியது. மழை அறிகுறி தெரிந்தால் அதுவும் நிறுத்தப்பட்டது. கட்டுப்பாடு பக்தியில் தலையிடுவதாகும் என்ற குறை அவ்வப்போது எழுந்தது. ஓடையில் வெள்ளம் வரும்போது கயிறு கட்டி மறுகரையில் நிற்போரை மீட்டு வருபவர் தீயணைப்பு வீரரும் வனக்காவலரும் மலையடிவார ஊர்க்காரருமே என்பதை எண்ணினால் அக்குறை தளர்ந்துவிடும். தன் உயிரைத் தான் பணயம் வைப்பதாகச் சொல்லும் பக்தர், உண்மையில் கயிற்றின் மறுமுனையில் இருப்பவரின் உயிரையும் சேர்த்தே பணயம் வைக்கிறார்; அவரிடம் ஒப்புதல் கேட்பதில்லை.

மலையின் ஆபத்துக்கும் போரின் ஆபத்துக்கும் ஒரு வேறுபாடு உண்டு. வெள்ளம் யாரையும் குறிவைப்பதில்லை. போரில் அந்நியரின் வருகையே ஒரு செய்தியாக மாறிவிடும், அவரை அழைத்துச் சென்றவரும் தங்க இடம் கொடுத்தவரும் அதற்காக விசாரிக்கப்படலாம். ஆப்கானிஸ்தானின் பாமியானில், 2001 மார்ச்சில் தாலிபான் தகர்த்த ஆறாம் நூற்றாண்டுப் புத்தர் சிலைகளின் வெற்றுக் குடைவுகளைக் காணச் சென்ற வெளிநாட்டுப் பயணிகள்மீது 2024 மே மாதம் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஸ்பானியர் மூவர் கொல்லப்பட்டபோது, அவர்களோடு ஆப்கானியரும் இறந்தனர். உலகச் செய்திகள் ஸ்பானியரைப் பற்றி எழுதிய அளவுக்கு அவர்களைப் பற்றி எழுதவில்லை. பயணிகள் அபாயத்தை அறிந்து வந்தவர்கள். உடன் சென்றவர்களுக்கு அது பிழைப்பு.

அப்படியானால் போர் நடுவில் உள்ள தெய்வத்தை யார் பார்ப்பது? இவ்வினாவுக்கு வைணவத்தின் அர்ச்சாவதாரக் கோட்பாடு அரிய ஒரு வழியைத் திறக்கிறது. அர்ச்சாவதாரம் என்பது இறைவன் கல்லிலும் உலோகத்திலும் எழுந்தருளி, நீராட்டவும் உண்ணக் கொடுக்கவும் உறங்க வைக்கவும் மனிதரைச் சார்ந்திருக்க இசையும் நிலை. ஸ்ரீவசனபூஷணம் இயற்றிய பிள்ளை லோகாசாரியர், இறைவனின் மற்ற நிலைகளை நிலத்தடி நீர், பாற்கடல், பெருக்கெடுத்தோடும் ஆறு ஆகியவற்றுக்கு ஒப்பிட்டு, அர்ச்சையை அந்த ஆறு வற்றியபின் மடுக்களில் தேங்கி நிற்கும் நீருக்கு ஒப்பிட்டார்; தாகித்தவர் கை எட்டும் இடத்தில் இருப்பதே அதன் சிறப்பு. கோட்பாட்டை எழுதியவருக்கே அதன் விலையும் வந்து சேர்ந்தது. 1323இல் டெல்லிப் படை ஸ்ரீரங்கத்தைத் தாக்கியபோது, மிக முதிர்ந்த வயதில் இருந்த அவர் உற்சவ மூர்த்தியான நம்பெருமாளைப் பாதுகாப்பாக வெளியே எடுத்துச் சென்று, மதுரையை அடுத்த ஜ்யோதிஷ்குடியில் உயிர் நீத்தார். பிறகு பல ஊர்களில் மறைந்து திரிந்த நம்பெருமாள் 1371இல்தான் ஸ்ரீரங்கம் திரும்பினார். அந்த நாற்பத்தெட்டு ஆண்டுகளில் ஸ்ரீரங்க யாத்திரை செய்தவருக்கு அங்கே நம்பெருமாள் இல்லை. தெய்வமே யாத்திரையில் இருந்தது.

இதன் மறுபதிப்பைக் கிறித்தவ ஈழத்தில் காண்கிறோம். 1670இல் ஒல்லாந்தரின் ஒடுக்குமுறைக்கு அஞ்சி மாந்தைக் கத்தோலிக்கர் காட்டுக்குள் கொண்டுபோன மாதா சொரூபமே மடு மாதா. தஞ்சம் தேடி வந்த தாயைச் சுற்றி, போர்க்காலத்தில் தஞ்சம் தேடியோர் ஆயிரக்கணக்கில் கூடினர். 1999 நவம்பரில் மடுத் தேவாலய வளாகத்தில் எறிகணை விழுந்து நாற்பதளவில் மக்கள் இறந்தனர். 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியபோது குருமார் சொரூபத்தை எடுத்துக்கொண்டு தேவன்பிட்டிக்குச் சென்று, ஆகஸ்டு திருவிழாவையொட்டி அதைத் திரும்பக் கொணர்ந்தனர். சிரியாவின் பல்மைராவில் அருங்காட்சியகப் பொருள்கள் மறைக்கப்பட்ட இடத்தைச் சொல்ல மறுத்து 2015 ஆகஸ்டில் கொல்லப்பட்ட தொல்லியலாளர் காலித் அல்-அசாத், சமயத்தால் மட்டுமே வேறுபட்டு இதே வரிசையில் நிற்கிறார். பண்பாட்டுச் செல்வத்தை ஆபத்தில் காத்தவர்கள் அனைவரும் அங்கேயே இருந்தவர்கள் என்பது தற்செயல் ஆகாது. போர்க்காலத்தில் தலத்துக்குத் தேவைப்படுபவர் நாள்தோறும் விளக்கேற்றுபவர். நேரில் வரும் விருந்தினர் அவருக்கு இன்னொரு பொறுப்பே ஆவார். எனவே சண்டை நடக்கும்வரை இராமேஸ்வரத்தில் நின்று பாடுவது தாழ்வான வழிபாடு ஆகாது. அக்கரையில் இருப்பவர் மீது ஒன்றையும் சுமத்தாத வழிபாடு அதுவே.

ஆனால் போர் ஓய்ந்தபின் அதே பாவனை எளிதில் சாக்காக மாறிவிடுகிறது. அக்கரையில் நடந்தவற்றை நினைவில் வைத்தால் இது விளங்கும். கீரிமலை நகுலேஸ்வரம் 1990 அக்டோபரில் வான்குண்டு வீச்சில் சிதைந்தது. வலிகாமம் வடக்கு உயர் பாதுகாப்பு வலயமாக அடைக்கப்பட, ஊரோடு கோயிலும் ஆண்டுக்கணக்கில் அணுக முடியாததாயிற்று. திருக்கேதீச்சரத்தின் கதை இன்னும் நீளமானது. போர்த்துக்கேயர் இடித்த அக்கோயிலை மீட்க ஆறுமுக நாவலர் 1872இல் வேண்டுகோள் விடுத்தார். 1894இல் புதைந்திருந்த இலிங்கம் கிடைத்தது. மீண்டும் எழுந்த கோயில் 1990க்குப் பின் படையினரின் பிடிக்குள் போயிற்று. போருக்குப் பின் கருங்கல்லில் புதுப்பிக்கப்பட்டு 2022 ஜூலையில் குடமுழுக்குக் கண்டது. அந்த இடைவெளியில், 2013 டிசம்பரில், கோயிலுக்கு அருகே குடிநீர்க் குழாய் பதிக்கத் தோண்டிய இடத்தில் மனித எலும்புக்கூடுகள் அடுத்தடுத்து வெளிவந்தன. பாலாவித் தீர்த்தத்தில் நீராடச் செல்லும் பாதையில் இதைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல் கடந்து செல்லும் யாத்திரை பாதி யாத்திரையே. வடக்கின் நிலத்தில் கண்ணிவெடிகளைத் தேடி அகற்றிய பணியாளரில் போரில் கணவரை இழந்த பெண்கள் பலர் இருந்தனர். இன்று பேருந்தில் சென்று இறங்கும் பக்தர் மிதிக்கும் பாதுகாப்பு அவர்கள் முழங்காலிட்டுத் தோண்டிப் பெற்றது.

போருக்குப் பிந்தைய பயணம் எல்லாமே நன்று என்றும் கொள்வதற்கில்லை. 2009க்குப் பின் தெற்கிலிருந்து பேருந்துகளில் வந்தோருக்கு முல்லைத்தீவில் விடுதலைப் புலிகள் தலைவரின் நிலவறை காட்சிப் பொருளாக்கப்பட்டு, 2013இல் அது தகர்க்கப்பட்டது வரை, வென்றவர் தோற்றவரின் இடிபாட்டைச் சுற்றிப் பார்ப்பதும் சுற்றுலா என்றே வழங்கியது. அங்கே வந்தவருக்கு ஆபத்து எதுவும் இல்லை. ஆயினும் அந்த வருகை, உள்ளூராரின் துயரத்தின்மேல் நடந்தது. பாதுகாப்பு இருந்தால் செல்லலாம் என்ற விதி மட்டும் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. வருகிறவரை யார் அழைத்தார், அவர் யார் வீட்டில் உண்டார், யாருடைய குரலில் அந்த இடத்தின் வரலாற்றைக் கேட்டார் என்பனவே யாத்திரையையும் வேடிக்கையையும் பிரிக்கின்றன.

கடல்வழியும் இப்போது திறந்திருக்கிறது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்ததோடு பழைய கப்பல்–ரயில் இணைப்பு முறிந்து, இராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்கு எஞ்சியிருந்த கப்பலும் போரோடு நின்றுபோக, 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் புறப்பட்டது. கூமாப்பட்டியிலோ ராஜபாளையத்திலோ உள்ள ஒருவர் கடவுச்சீட்டும் விசாவும் பெற்றுக் கடல் கடந்து நகுலேஸ்வரத்திலும் நல்லூரிலும் வழிபட்டுச் சில நாள்களில் வீடு திரும்பிவிடலாம். அதே வட்டாரத்தில், ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையில் மொட்டமலையில், போரிலிருந்து தப்பி வந்த ஈழத்தமிழர் குடும்பங்கள் முகாமில் வாழ்கின்றன. தமிழக அரசு 2021இல் அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. குடியுரிமைச் சிக்கல் பெயரோடு மாறவில்லை. தங்கள் குலதெய்வம் இருக்கும் ஊருக்கு முகாமில் பிறந்த ஒருவர் சென்றுவர நினைத்தால், நாட்டை விட்டு வெளியேற அனுமதி வேண்டும். சென்றால் திரும்பி வர இயலுமா என்ற உறுதி கிடையாது. ஹஜ்ஜுக்குரிய சட்டம் சொல்லும் சக்தி என்ற நிபந்தனையை இங்கே பொருத்திப் பார்த்தால், கடல் கடக்கும் சக்தி அந்தத் தலத்தோடு எந்த உறவும் இல்லாதவருக்கு இருக்கிறது. உறவு உள்ளவர் இக்கரையில் நின்று நினைந்து வழிபட வேண்டியிருக்கிறது. சம்பந்தர் விரும்பி ஏற்ற பாவனையும், வேறு வழியின்றி மொட்டமலைக்காரர் மேற்கொள்ளும் பாவனையும் சமய நூல்களின் பார்வையில் ஒன்றாகத் தோன்றலாம்; ஆனால் அவை ஒன்றல்ல. யாழ்ப்பாணம் செல்லப் பயணச்சீட்டு எடுக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்தர் முதலில் அந்த முகாமில் எவரையேனும் கண்டு, எந்த ஊர், எந்தக் கோயில், அங்கே என்ன நேர்த்தி வைக்க வேண்டும் என்று கேட்டறிந்து புறப்படுவாரானால், யுவான் சுவாங் காஞ்சியில் செய்ததை அவரும் செய்தவராவார். வேறுபாடு, இம்முறை போவதற்கு ஒரு காரணமும் அவர் கையில் இருக்கும்.